ஸ்கிரீனில் ஒரு சார்ட், தாளில் வேறு சார்ட்: எக்செல் பிரிண்டில் என்னதான் நடக்கிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை இரண்டு கிளைகளின் விற்பனையைக் காட்டும் எக்செல் சார்ட். ஸ்கிரீனில் பன்னிரண்டு மாதப் பெயர்களும் அடியில் நேராக நிற்கின்றன. பிரிண்ட் எடுத்தால் பெயர்கள் சாய்ந்துவிடுகின்றன, லெஜண்டில் (எந்த நிறம் எந்தக் கிளை என்று சொல்லும் பெட்டியில்) ஒரு கிளையின் பெயர் பாதியில் அறுந்து நிற்கிறது, ஜனவரியைக் காட்ட நீங்கள் போட்ட அம்புக்குறி பிப்ரவரிக்குப் போய்விடுகிறது, சார்ட்டின் வலது ஓரம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இரண்டாவது தாளில் வருகிறது, நீலமும் ஆரஞ்சும் ஒரே சாம்பல். வியாழக்கிழமை மீட்டிங், பிரிண்டரை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். பிரிண்டரில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன ஐந்தில் மூன்று எக்செல் செய்வது, ஒன்று தாள் அளவு, ஒன்று நிறக் கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தால் வியாழன் வந்துவிடும்.

எக்செல் ஸ்கிரீனில் தெரிவதை ஜெராக்ஸ் எடுப்பதுபோல் பிரிண்டருக்கு அனுப்புவதில்லை. பிரிண்ட் கொடுத்ததும் சார்ட்டை முதலிலிருந்து மறுபடி வரைகிறது, இந்தத் தடவை பிரிண்டரின் அளவுகோலை வைத்து. ஸ்கிரீன் கணக்கு அங்குலத்துக்கு 96 புள்ளி, லேசர் பிரிண்டரில் சாதாரணமாக 600. 9 பாயிண்ட் எழுத்து (ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்கிரீனில் 12 புள்ளி உயரம், அதே எழுத்து தாளில் 75 புள்ளி. ஸ்கிரீனில் ஓர் எழுத்தின் அகலம் ஆறரைப் புள்ளி என்று கணக்கு வந்தால் அரைப் புள்ளி போட முடியாது, ஆறாகவோ ஏழாகவோ வட்டமாக்க வேண்டும். பத்து எழுத்துள்ள பெயரில் இந்த வட்டமாக்கல் சேர்ந்து சேர்ந்து நான்கைந்து புள்ளி வித்தியாசமாகிவிடும். இதோடு நின்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் சார்ட்டில் நீங்கள் கை வைக்காமல் விட்ட எல்லாவற்றையும் எக்செல்தான் முடிவு செய்கிறது: லேபிள் நேராக நிற்கட்டுமா சாயட்டுமா, லெஜண்ட் பெட்டி எவ்வளவு அகலம், படம் வரையும் பகுதி எவ்வளவு பெரிது. இந்த முடிவுகளை ஒரு தடவை ஸ்கிரீனுக்கும் ஒரு தடவை தாளுக்குமாக அது தனித்தனியாக எடுக்கிறது. அந்த நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஒரு முடிவு மாறினால் போதும், படமே வேறு மாதிரி ஆகிவிடும்.

அதனால் வைத்தியம் என்பது எக்செல் கையிலிருக்கும் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நாமே எடுப்பதுதான்.

அதற்கு முன்னால் தாளை வீணாக்காமல் சோதிக்க ஒரு வழி. சார்ட்டை கிளிக் செய்து, ஹோம் டேபில் காப்பி பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தினால் 'காப்பி அஸ் பிக்சர்' என்று வரும். அதில் 'அஸ் ஷோன் வென் பிரிண்டட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சார்ட்டுக்குப் பக்கத்திலேயே பேஸ்ட் செய்யுங்கள். பிரிண்டருக்காக எக்செல் எப்படி வரையப்போகிறது என்பது ஒட்டிவைத்த படமாக அங்கேயே கிடைத்துவிடும். சாய்ந்த லேபிளும் அறுந்த லெஜண்டும் அந்தப் படத்திலேயே தெரிந்தால் குற்றவாளி எக்செல், பிரிண்டர் இல்லை. எத்தனையோ பேர் இருபது முப்பது தாள் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஒரு மெனுவைத் திறந்தே பார்த்ததில்லை.

அடுத்த சோதனை, பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுத்து ஒரு பிடிஎஃப் எடுப்பது. பிடிஎஃபில் சரியாக இருந்து தாளில் மட்டும் கெட்டால் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) பக்கம் போக வேண்டும். பிடிஎஃபிலேயே கெட்டிருந்தால் எக்செல் பக்கம். ஸ்கிரீனைப் பார்த்து ஒப்பிடும்போது ஜூம் 100-இல் இருக்கட்டும். 85-இல் வைத்துக்கொண்டு "ஸ்கிரீனில் சரியாக இருந்ததே" என்று சொல்வதில் அர்த்தமில்லை, ஜூம் மாறினாலே எழுத்து அகலம் கொஞ்சம் மாறும்.

சரி, லேபிளுக்கு வருவோம். சார்ட்டில் படம் வரையும் பகுதி 15 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு மாதத்துக்கு ஒன்றேகால் செ.மீ. அதற்குள் 'மே' உட்கார்ந்துவிடும், 'செப்டம்பர்' உட்காராமல் முட்டும். ஒரே ஒரு பெயர் முட்டினாலும் எக்செல் அந்த ஒன்றை மட்டும் சாய்ப்பதில்லை, எல்லாவற்றையும் சாய்த்துவிடும். சில சமயம் சாய்க்காமல் ஒன்றுவிட்டு ஒன்று பெயரையே போடாமல் விடும், அது இன்னும் மோசம், ஏனென்றால் மே மாதம் காணோம் என்பதை மீட்டிங்கில்தான் கவனிப்பீர்கள். தமிழில் மாதப் பெயர் எழுதும்போது இந்தத் தொல்லை கூடுதல். ஆங்கிலத்தில் எல்லாரும் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் முடித்துவிடுகிறார்கள், நாம் முழுப்பெயர் எழுதுகிறோம். 'ஏப்.', 'செப்.', 'பிப்.' என்று சுருக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும்.

சுருக்க மனமில்லை என்றால், ஆக்சிஸை (மாதப் பெயர்கள் நிற்கும் அடிக்கோட்டை) தேர்ந்தெடுத்து ஃபார்மட் ஆக்சிஸில் அலைன்மென்ட் பகுதிக்குப் போய் 'கஸ்டம் ஆங்கிள்' பெட்டியில் 0 என்று அடியுங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பெட்டி ஏற்கெனவே 0 என்று காட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் அது நீங்கள் வைத்த 0 அல்ல, எக்செல் தன் இஷ்டப்படி வைத்திருப்பது. 1 என்று மாற்றிவிட்டு மறுபடி 0 ஆக்கினால்தான் அது உங்கள் முடிவாகப் பதியும். அப்புறம் அதே பேனலில் லேபிள்ஸ் என்ற பகுதியில் 'ஸ்பெசிஃபை இன்டர்வெல் யூனிட்' என்பதில் 1 கொடுத்துவிடுங்கள், மாதத்தை விழுங்குவது நிற்கும். எழுத்தை 9-லிருந்து 8 ஆக்கினால் இன்னும் நிம்மதி.

இடதுபக்க ஆக்சிஸிலும் இதே கதை உண்டு. மினிமம், மேக்சிமம், மேஜர் யூனிட் மூன்றும் ஆட்டோவில் இருந்தால் சார்ட்டின் உயரத்தைப் பொறுத்துக் கோடுகளின் இடைவெளியை எக்செல் மாற்றும். எண்ணை நீங்களே அடித்துவிட்டால் மாறாது. ஆனால் ஒன்று ஞாபகம் வையுங்கள், அடுத்த வருடம் விற்பனை கூடினால் அந்த மேக்சிமம் தானாக உயராது, பார் (விற்பனையைக் காட்டும் பட்டை) மேலே போய் முட்டி வெட்டுப்பட்டு நிற்கும், அதைப் பார்த்து வளர்ச்சியே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

லெஜண்ட் சுலபம். அதன் ஓரத்தைப் பிடித்து அகலத்தை இழுத்து, கொஞ்சம் தாராளமாகவே விட்டுவிடுங்கள். அதேபோல் படம் வரையும் பகுதியையும் ஒருமுறை கையால் பிடித்து லேசாக இழுத்து வையுங்கள். நீங்கள் தொட்ட கணத்திலிருந்து எக்செல் அந்த இடத்தை 'சார்ட்டின் மொத்த அகலத்தில் இவ்வளவு பங்கு' என்று ஃபைலில் எழுதிவைத்துக்கொள்கிறது. அதன்பிறகு தாளுக்கு வரையும்போதும் அதே பங்குதான், புதிதாக யோசிக்காது. இரண்டே கிளைதான் இருக்கிறது என்பதால் உங்கள் சார்ட்டில் நான் லெஜண்டையே தூக்கிவிட்டிருப்பேன், அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

இப்போது அம்புக்குறி. இதில் நானே ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கூட்டத்துக்கு சார்ட் தயாரித்து, விற்பனை விழுந்த மாதத்தின்மேல் சிவப்பு வட்டம் போட்டு 'மழை' என்று எழுதியிருந்தேன். ஸ்கிரீனில் வட்டம் நவம்பரைச் சுற்றி அழகாக இருந்தது. தாளில் டிசம்பர் பாரின் இடது தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. டிசம்பரில் விற்பனை நன்றாக ஏறியிருந்தது. "மழை பெய்தால் விற்பனை ஏறுமா தம்பி?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார், பதினைந்து பேர் சிரித்தார்கள், நான் பதில் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நான் எந்த சார்ட்டையும் தேர்ந்தெடுக்காமல் இன்சர்ட் மெனுவில் போய் வட்டத்தைப் போட்டேன். அப்படிப் போட்டால் அது சார்ட்டுக்குள் இல்லை, ஷீட்டின் மேல் மிதக்கிற தனிப் பொருள். சார்ட் ஒரு பொருள், வட்டம் ஒரு பொருள், இரண்டும் அடியில் இருக்கும் செல்களைப் பார்த்துத் தனித்தனியே இடம்பிடிக்கின்றன. அந்தச் செல்களின் அகலமே நிலையானதல்ல, ஏனென்றால் எக்செல்லில் நெடுவரிசையின் (column) அகலம் என்பது அந்த ஃபைலின் இயல்பு ஃபான்டில் எத்தனை '0' அந்த அகலத்தில் அடங்கும் என்ற கணக்கு. கலிப்ரி 11 ஃபான்டில் 8.43 என்றால் ஸ்கிரீனில் 64 புள்ளி. பிரிண்டரில் அதே '0'-வின் அகலம் நூலிழை வேறுபடும், பத்து நெடுவரிசை தாண்டினால் மில்லிமீட்டர் கணக்கில் தள்ளிவிடும்.

அதனால் முதலில் சார்ட்டை கிளிக் செய்து அதன் ஓரம் தேர்வாகியிருக்கும்போதே இன்சர்ட் போய் அம்போ டெக்ஸ்ட் பாக்ஸோ போடுங்கள். அப்போது அது சார்ட்டுக்குள்ளேயே குடியேறிவிடும். சரிபார்க்க, சார்ட்டைப் பிடித்து நகர்த்துங்கள், அம்பும் கூடவே வந்தால் உள்ளே இருக்கிறது, வராமல் நின்றுவிட்டால் வெளியே இருக்கிறது. வெளியே இருப்பதை கட் செய்து, சார்ட்டைத் தேர்ந்தெடுத்து பேஸ்ட் செய்தால் உள்ளே போய்விடும்.

ஆனால் இதுவும் முழு வைத்தியம் இல்லை. உள்ளே போன அம்புகூட சார்ட் பெட்டியின் எல்லையைத்தான் அறியும், ஜனவரி பார் எங்கே என்று அதற்குத் தெரியாது. உண்மையில் ஒட்டிக்கொள்வது டேட்டா லேபிள் (பாரோடு சேர்ந்தே நிற்கும் எழுத்து) மட்டும்தான். ஜனவரி பாரை ஒருமுறை கிளிக் செய்தால் எல்லா மாதமும் தேர்வாகும், மறுபடி ஒருமுறை கிளிக் செய்தால் ஜனவரி மட்டும். அதில் ரைட் கிளிக் செய்து டேட்டா லேபிள் சேருங்கள், பிறகு அந்த லேபிளைத் தேர்ந்தெடுத்து ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு, நீங்கள் குறிப்பு எழுதிவைத்திருக்கும் செல்லைக் காட்டி என்டர் கொடுங்கள். இனி அந்தக் குறிப்பு ஜனவரியோடுதான் போகும். எந்த பிரிண்டரில் அடித்தாலும் சரி, எந்தத் தாளில் அடித்தாலும் சரி.

வலது ஓரம் இரண்டாவது தாளுக்குப் போவது பெரும்பாலும் லெட்டர் - ஏ4 குளறுபடி. லெட்டர் தாள் 216 மி.மீ. அகலம், 279 உயரம். ஏ4 என்றால் 210 அகலம், 297 உயரம். நம் ஊரில் கடையில் வாங்குவது ஏ4, ஆனால் விண்டோஸின் ரீஜன் அமெரிக்கா என்று இருந்தால் பிரிண்டர் லெட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எக்செல்லின் சாதாரண மார்ஜின் இரண்டு பக்கமும் 0.7 அங்குலம், அதாவது மொத்தம் சுமார் 3.6 செ.மீ. அதைக் கழித்தால் லெட்டரில் 18 செ.மீ. கிடைக்கும், ஏ4-இல் 17.4 தான். உங்கள் சார்ட் 17.8 செ.மீ. இருந்தால் ஒன்றில் அடங்கும், இன்னொன்றில் பிதுங்கும். பேஜ் லேஅவுட்டில் சைஸ் ஏ4 என்று வைத்துவிட்டு, சார்ட்டின் ஃபார்மட் டேபில் அகலத்தை 17 செ.மீ. என்று எண்ணாகவே அடித்துவிடுங்கள். மவுஸால் இழுத்துக் கண்ணளவில் வைப்பது இந்த வேலைக்கு உதவாது.

'ஃபிட் டு ஒன் பேஜ்' போட்டால் போதாதா என்றால், ஒரு விரல் அகலம் பிதுங்குவதற்குப் போதும், ஆனால் அதைப் பழக்கமாக்க வேண்டாம். சார்ட்டோடு அகலமான டேபிளும் அதே ஷீட்டில் இருந்து, எல்லாமாகச் சேர்ந்து 50 சதவீதத்துக்குச் சுருங்கினால் 9 பாயிண்ட் எழுத்து நாலரை ஆகிவிடும். முக்கால் பாயிண்ட் கோடு மயிரிழையாகி மங்கிவிடும். அப்புறம் கோடு பிரிண்டாகவில்லை என்று இன்னொரு கேள்வி வரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், விண்டோஸ் 10-இல் 2015 நவம்பர் அப்டேட்டிலிருந்து 'டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் கடைசியாக எந்த பிரிண்டரில் அடித்தீர்களோ அதுவே டிஃபால்ட் ஆகிவிடும். நேற்று லேபிள் பிரிண்டரில் ஒரு ஸ்டிக்கர் அடித்திருந்தால் இன்று எக்செல் அந்த ஸ்டிக்கர் பிரிண்டரின் கணக்கை வைத்துப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும். 'நேற்றுவரை சரியாக வந்தது, நான் எதையும் தொடவில்லை' என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பிரிண்டர்ஸ் செட்டிங்கில் போய் ஆஃப் செய்துவிட்டு, நிஜமாக அடிக்கப்போகிற பிரிண்டரை டிஃபால்ட்டாக வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் சார்ட்டை ஒழுங்குபடுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

இப்போது நிறம். உங்களுடையது கருப்பு-வெள்ளை லேசர் என்று நினைக்கிறேன். நிறத்தைச் சாம்பலாக்கப் பரவலாகப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு: சிவப்பின் அளவில் 0.299 பங்கு, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114, மூன்றையும் கூட்டினால் சாம்பலின் அளவு. 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை. ஆபீஸ் 2013 சார்ட்டில் முதலில் தரும் வெளிர்நீலம் 91, 155, 213. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 143. இரண்டாவதாக வரும் ஆரஞ்சு 237, 125, 49. அது 150. இரண்டுக்கும் ஏழு படிதான் வித்தியாசம், தாளில் யார் கண்ணுக்கும் தெரியாது. அதே வரிசையில் ஆறாவதாக வரும் பச்சையும் 143-தான். ஸ்கிரீனில் பகலும் இரவும்போல் தெரியும் நிறங்கள் தாளில் இரட்டைப் பிள்ளைகள். பின்னால் வந்த பதிப்புகளில் முதல் நிறத்தை அடர்நீலமாக்கினார்கள், அது 110-ஐ ஒட்டி வரும், கொஞ்சம் பரவாயில்லை.

அதனால் ஒரு கிளைக்கு மிக அடர்த்தியான நிறம், இன்னொன்றுக்கு மிக வெளிர், வெளிர் பாருக்குக் கருப்பு ஓரக்கோடு. சார்ட் டிசைனில் 'சேஞ்ச் கலர்ஸ்' திறந்தால் கீழே ஒரே நிறத்தின் அடர்த்தி வரிசைகள் இருக்கும், அதில் ஒன்றை எடுத்தாலும் வேலை முடியும். லைன் சார்ட் என்றால் ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டுவிட்டு வரும் கோடு. லெஜண்டைத் தூக்கச் சொன்னது இதனால்தான்: கடைசி மாதத்தின் பாருக்கு மட்டும் டேட்டா லேபிளாகக் கிளையின் பெயரைப் போட்டுவிட்டால் எந்தச் சாம்பல் எந்தக் கிளை என்று யாரும் தேட வேண்டியதில்லை. கலர் பிரிண்டர் என்றாலும் ஸ்கிரீனின் பளிச்சென்ற நீலம் தாளில் அதே பளிச்சோடு வராது. ஸ்கிரீன் ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, மை ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது.

நீங்கள் கேட்காதது, ஆனால் இதே மாதிரி வந்து நிற்பவை சில. கண்ட்ரோல்+பி அடிக்கும்போது சார்ட் தேர்வாகியிருந்தால் சார்ட் மட்டும் தாள் முழுக்க விரிந்து பிரிண்டாகும், டேபிள் வராது, படத்தின் அகல உயர விகிதமும் மாறிவிடும். ஏதாவது ஒரு காலிச் செல்லை கிளிக் செய்துவிட்டு அடியுங்கள். சார்ட்டே வரவில்லை என்றால் பேஜ் செட்டப்பில் ஷீட் பகுதியில் 'டிராஃப்ட் குவாலிட்டி' டிக் இருக்கிறதா, இல்லையென்றால் சார்ட்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'பிரிண்ட் ஆப்ஜெக்ட்' டிக் போயிருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று சில வரிசைகளை மறைத்தால் அந்த மாதங்கள் சார்ட்டிலிருந்தும் மறைந்துவிடும், ஃபில்டர் போட்டாலும் அப்படித்தான். செலக்ட் டேட்டாவுக்குள் 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்பதைத் திறந்து மறைந்த வரிசைகளையும் காட்டச் சொல்லி டிக் போட வேண்டும். ஒளி ஊடுருவும் நிறமோ நிழலோ வைத்த இடங்கள் தாளில் கருப்புத் திட்டாக, வலைவலையாக வந்தால் அது டிரைவரின் வேலை. அந்த அலங்காரத்தை எடுத்துவிட்டுச் சாதா நிறம் வையுங்கள், முடியாதென்றால் பிடிஎஃபாக்கி அடோபி ரீடரில் அட்வான்ஸ்டு போய் 'பிரிண்ட் அஸ் இமேஜ்' கொடுங்கள்.

வெளியே கடையில் கொடுத்து அடிப்பதாக இருந்தால் எக்செல் ஃபைலைக் கொடுக்கவே கூடாது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் இருக்கலாம், கலிப்ரி இல்லாமல் அதே அகலமுள்ள கார்லிட்டோ வந்து உட்காரும், அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் தலைப்பைப் பாமினி மாதிரிப் பழைய ஃபான்டில் அடித்திருந்து அங்கே அது இல்லையென்றால் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டிவிடும். பிடிஎஃபாகக் கொடுங்கள், கொடுக்கும்போது 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு இருப்பது இரண்டு நாள். இன்று டிஃபால்ட் பிரிண்டரையும் ஏ4-ஐயும் சரிசெய்துவிட்டு, அம்பை எடுத்துவிட்டு டேட்டா லேபிள் போட்டு, மாதப் பெயரைச் சுருக்கி, அந்த 'காப்பி அஸ் பிக்சர்' சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். அதற்கப்புறமும் லேபிள் சாய்ந்தால் உங்கள் எக்செல் எந்தப் பதிப்பு, சார்ட் எத்தனை செ.மீ. அகலம், மாதப் பெயர்களுக்கு எந்த ஃபான்ட் என்ற மூன்றையும் எழுதுங்கள், பார்க்கலாம்.